மணிக்கூண்டுக் கடிகாரம்: எதைத் தொடுவது, எதை விடுவது

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தனி ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்ததா? இல்லை என்று எல்லோரும் தலையசைக்கிறீர்கள். அறிவியல் ஆசிரியர்கள் மட்டுமல்ல, தமிழாசிரியர்களும் அசைக்கிறீர்கள். மகிழ்ச்சி. நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே பொறுத்தது என்று 31 ஆண்டுகள் நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

இப்போது இன்னொரு செய்தி. லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டி நிற்கும் பெரிய மணிக்கூண்டை நாம் 'பிக் பென்' என்கிறோம். உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். அந்தக் கடிகாரம் சற்றுப் பிந்தினால் காப்பாளர் என்ன செய்வார் தெரியுமா? பழைய பென்னி நாணயம் ஒன்றை எடுத்து ஊசலின் மேல் வைப்பார். ஒரு நாணயத்துக்கு ஒரு நாளில் 0.4 வினாடி வேகம் கூடும். முந்தினால் நாணயத்தை எடுத்துவிடுவார். ஊசலின் எடை சுமார் 310 கிலோ. அதன் மேல் ஒரு காசு!

நிறை கணக்கில் வராது என்று சொன்னோமே, பிறகு காசு எப்படி வேலை செய்கிறது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். விடை சூத்திரத்தில் இல்லை, ஊஞ்சலில் இருக்கிறது. உட்கார்ந்து ஆடும் பிள்ளை எழுந்து நின்று ஆடினால் ஊஞ்சல் சட்டென்று வேகமாகப் போய்வருகிறது. எடை கூடவில்லை, எடையின் நடுப்புள்ளி மேலே ஏறியது. காசை ஊசல்குண்டின் அடியில் ஒட்டவில்லை, மேலே வைத்தார்கள். அதனால் ஊசலின் பயன்படு நீளம் ஒரு துளி குறைந்தது. எவ்வளவு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதில் 0.4 வினாடி. நீளம் சுமார் 4 மீட்டர். விடை 0.037 மில்லிமீட்டர் அளவில் வரும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

வகுப்பறையில் இதைச் செய்து பார்க்க 310 கிலோ வேண்டியதில்லை. மரத்தாலான மீட்டர் ஸ்கேலின் ஒரு முனையில் துளையிட்டு ஆணியில் மாட்டி ஆடவிடுங்கள். 50 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு 10 கிராம் அளவுள்ள கிளிப் ஒன்றை மேலிருந்து 33 செ.மீ. தொலைவில் மாட்டி மறுபடி குறியுங்கள். ஒரு வினாடிக்குச் சற்று மேலே குறையும். அதே கிளிப்பை 67 செ.மீ. அருகே மாட்டினால் மாற்றமே இருக்காது. இன்னும் கீழே இறக்கினால் நேரம் கூடும். நான் இதைச் செய்துகாட்டிய வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ புத்தகத்தில் போட்டிருக்கறது தப்பா சார்?" என்று கேட்டாள். தப்பில்லை, புத்தகம் நூலில் கட்டிய குண்டைப் பற்றிப் பேசுகிறது, இது அது இல்லை என்றேன். சூத்திரத்தைவிட அதன் எல்லையைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம்.

சரி, ஊசலிலிருந்து கோபுரத்துக்கு ஏறுவோம். மணி தொங்கும் மேடைக்கு 334 படி.

1834-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீயில் அழிந்தது. புதிய கட்டடத்துக்குக் கடிகாரம் வேண்டும் என்றபோது, அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு மணியின் முதல் அடியும் சரியான நேரத்திலிருந்து ஒரு வினாடிக்குமேல் விலகக் கூடாது. கடிகாரம் செய்வோர் பலர் இது நடக்காத காரியம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைக் காற்று தொடுவதில்லை. கோபுரக் கடிகாரத்தின் முள் வெட்டவெளியில் இருக்கிறது. இந்தக் கடிகாரத்தின் நிமிட முள்ளின் நீளம் 4.2 மீட்டர். காற்று தள்ளும், பனி உட்காரும், பறவை உட்காரும். 1949-இல் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகள் கூட்டமாக வந்து முள்ளில் அமர்ந்ததால் கடிகாரம் நான்கரை நிமிடம் பிந்திப்போனது. முள்ளில் விழும் அந்தச் சுமை பல்சக்கரங்கள் வழியாக ஊசல்வரை வந்து அதன் ஆட்டத்தைக் கெடுக்கும். இதுதான் சிக்கல்.

இதை அவிழ்த்தவர் எட்மண்ட் பெக்கெட் டெனிசன். தொழிலால் வழக்கறிஞர், கடிகாரக்காரர் அல்லர். எட்வர்டு டென்ட் தொடங்கி, அவர் இறந்தபின் வளர்ப்பு மகன் பிரெடரிக் டென்ட் முடித்த கடிகாரம் 1854-இல் தயாராகிவிட்டது. கோபுரம்தான் தயாராகவில்லை. கட்டட வேலை இழுத்துக்கொண்டே போனது. (கட்டட வேலை தாமதமானால் நாம் திட்டுவோம்; இங்கே அது நன்மையாக முடிந்தது.) கடிகாரம் பட்டறையிலேயே ஓடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் டெனிசன் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து ஒரு புதிய எஸ்கேப்மென்டை உருவாக்கினார். எஸ்கேப்மென்ட் என்பது ஊசலும் சக்கரமும் சந்திக்கும் இடம். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிப்பதும், ஊசலுக்குச் சிறு தள்ளு கொடுத்து அதை ஆட வைப்பதும் அதன் வேலை. வழக்கமான கடிகாரத்தில் சக்கரமே ஊசலைத் தள்ளும். டெனிசன் அமைப்பில் சக்கரம் இரண்டு சிறு கைகளை மட்டும் மேலே தூக்கி வைக்கும். அந்தக் கை தன் எடையால் இறங்கும்போது ஊசலைத் தள்ளும். கை இறங்கும் உயரம் எப்போதும் ஒன்றுதான். ஆகவே தள்ளும் எப்போதும் ஒன்றுதான். வெளியே முள்ளில் புயல் அடித்தாலும் ஊசலுக்குத் தெரியாது. இதற்குப் புவியீர்ப்பு எஸ்கேப்மென்ட் என்று பெயர். அதன்பின் செய்யப்பட்ட எத்தனையோ மணிக்கூண்டுக் கடிகாரங்கள் இதையே பின்பற்றின.

வெப்பத்தையும் அவர்கள் விடவில்லை. சாதாரண எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் நீண்டு, கடிகாரம் நாளுக்கு 5 வினாடி பிந்தும். அதனால் ஊசல் தண்டில் துத்தநாகக் குழலையும் சேர்த்தார்கள். எஃகு கீழ்நோக்கி நீளும்போது துத்தநாகம் மேல்நோக்கி நீண்டு அதைச் சரிக்கட்டும். வெப்ப விரிவு பாடத்தில் தண்டவாள இடைவெளியோடு இதையும் சொல்லலாம்.

1859 மே 31 அன்று கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 13.7 டன் எடையுள்ள பெரிய மணி விரிசல் விட்டது. வார்ப்பாலைக்காரர் சொன்னதைவிடக் கனமான சுத்தியலை டெனிசன் வைத்திருந்தார். யார் மீது பழி என்று நீதிமன்றம்வரை போனார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வேறொரு சிறிய மணிதான் மணியடித்தது. அதன்பின் செய்த பழுதுபார்ப்பைக் கவனியுங்கள். மணியை உருக்கி மறுபடி வார்க்கவில்லை. விரிசல் பரவாமலிருக்க அந்த இடத்தில் சிறு சதுரத் துண்டை வெட்டி எடுத்தார்கள். சுத்தியல் விரிசலில் படாதபடி மணியைச் சற்றுத் திருப்பித் தொங்கவிட்டார்கள். சுத்தியலை எடை குறைந்ததாக மாற்றினார்கள். அவ்வளவுதான். விரிசல் இன்றும் இருக்கிறது. உலகம் முழுக்க வானொலியில் கேட்டுப் பழகிய அந்த ஓசை, விரிசல் விட்ட மணியின் ஓசை. அதைக் 'குணப்படுத்தி' இருந்தால் அந்த ஓசை போயிருக்கும்.

அடுத்தது 1976 ஆகஸ்ட் 5, விடியற்காலை 3.45. கால்மணி ஓசை எழுப்பும் பகுதியில் டன் கணக்கான எடை ஒன்று கம்பியில் தொங்கும். அது இறங்கும் விசையில்தான் சுத்தியல்கள் அடிக்கும். அது கட்டுக்கடங்காமல் இறங்கிவிடாதபடி ஒரு விசிறி இருக்கும். சுழலும்போது காற்றின் தடையால் வேகத்தை மட்டுப்படுத்தும். அந்த விசிறியைத் தாங்கிய அச்சு அன்று முறிந்தது. தடை இல்லாமல் எடை கீழே பாய்ந்தது. கம்பி சுற்றிய உருளை வெறிபிடித்துச் சுழன்றது. வார்ப்பிரும்புச் சட்டம் உடைந்து, சக்கரங்கள் அறை முழுக்கச் சிதறின.

காரணம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று ஒடிகிறதே, அதுதான். 117 ஆண்டுகள், நாளுக்கு 96 கால்மணிகள். பெருக்கிப் பாருங்கள், 40 லட்சம் தடவை அந்த அச்சு திடீரென்று சுழன்று திடீரென்று நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு முறுக்கு. விரிசல் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்தது. தவறாமல் எண்ணெய் போட்டார்கள், துடைத்தார்கள், வாரம் மூன்று தடவை சாவி கொடுத்தார்கள். யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. தேயும் இடத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, தேயாமல் சோரும் இடத்தைப் பார்க்கும் கருவி இல்லை. வெளியே பளபளப்பாக இருப்பது உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதை என் கண்முன் நிறுத்தும் உதாரணம் இதுதான்.

த்வைட்ஸ் அண்டு ரீட் என்ற பழைய கடிகார நிறுவனம் அதை மீட்டது. நேரம் காட்டும் பகுதி விரைவிலேயே ஓடத் தொடங்கியது; கால்மணி ஓசை 1977 மே மாதம்தான் திரும்பியது. உடைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு மின்மோட்டாரை வைப்பது அப்போதே எளிதுதான். அப்படிச் செய்யவில்லை.

2017 ஆகஸ்டில் மறுபடி மணியை நிறுத்தினார்கள். இந்தத் தடவை திட்டமிட்டு. கடிகாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கம்ப்ரியா பட்டறைக்குப் போனது. அந்தக் காலத்தில் மின்மோட்டார் ஒன்றை வைத்து முள்ளைச் சுற்றவிட்டார்கள். நகரம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் மணி முழுமையாகத் திரும்பியது. நான்கு முகப்புகளின் பால்நிறக் கண்ணாடித் துண்டுகள் 1,296-ஐயும் மாற்றினார்கள். எனக்குப் பிடித்த செய்தி வண்ணம்தான். முகப்பின் இரும்புச் சட்டமும் முட்களும் கறுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்; அஞ்சலட்டையிலும் கறுப்புத்தான். வண்ணப்பூச்சின் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்தபோது அடியில் பிரஷ்யன் நீலம் இருந்தது. அந்த நீலத்தையே திரும்பப் பூசினார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1859-இன் நீலம் சரியா, பல பத்தாண்டுகள் மக்கள் பார்த்துப் பழகிய கறுப்பு சரியா? நான் நீலத்தின் பக்கம். காரணம், கறுப்பைப் பூசியதால் நீலத்தின் சான்று அழியவில்லை. நீலத்தைப் பூசியதால் கறுப்பின் சான்றும் அழியவில்லை, படங்களிலும் பதிவிலும் இருக்கிறது. நாளை வேறொருவர் மாற்ற நினைத்தால் மாற்றலாம்.

மாற்ற முடியாத பழுதுபார்ப்பும் உண்டு. இங்கிலாந்தின் சால்ஸ்பரி தேவாலயத்தில் ஓர் இரும்புக் கடிகாரம் இருக்கிறது. முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை; மணி மட்டும் அடிக்கும். 1386-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று அங்கே கடிகாரக் காப்பாளருக்கு வீடு இருந்ததைச் சொல்வதால், கடிகாரமும் அந்தக் காலத்தது என்று கொள்கிறார்கள். 1884-இல் புதுக் கடிகாரம் வந்ததும் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். 1920களின் இறுதியில் ஒரு கடிகார ஆர்வலர் கோபுரத்துக்குள் கண்டெடுத்தார்.

அது முதலில் ஊசல் கடிகாரம் அல்ல. 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்குமுன் கடிகாரங்களில் ஒரு குறுக்குச் சட்டம் இருந்தது. இரு முனைகளிலும் எடை தொங்க, தராசுத் தண்டு போல இப்படியும் அப்படியும் திரும்பும். நாளுக்குக் கால்மணி நேரம்கூடப் பிசகும். ஊசல் வந்தபின் ஐரோப்பா முழுக்கப் பழைய கடிகாரங்களில் சட்டத்தைக் கழற்றி ஊசலைப் பொருத்தினார்கள். சால்ஸ்பரியிலும் அப்படியே. 1956-இல் அதைப் பழுதுபார்த்தவர்கள், 'உண்மையான' வடிவத்துக்குக் கொண்டுபோக ஊசலை நீக்கிவிட்டு, குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்து வைத்தார்கள். பழைய சட்டம் கிடைக்கவில்லை. அதன் அளவு தெரியாது. மற்ற கடிகாரங்களைப் பார்த்து ஊகித்துச் செய்தார்கள். இன்று போகிறவர்கள் 600 ஆண்டுப் பழமை ஓடுவதாக நினைத்துப் பார்க்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும் பாகம் 1956-இல் செய்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் அந்தக் கடிகாரத்தை உண்மையில் ஓட்டிய ஊசலோ அதில் இல்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்பால்தான் செய்தார்கள். ஆனால் இன்றைய பராமரிப்பாளர்கள் அப்படிச் செய்யத் தயங்குவார்கள். பின்னால் வந்த மாற்றமும் அந்தக் கடிகாரத்தின் வரலாறுதான் என்பார்கள். பல் தேய்ந்தால் சக்கரத்தை வீசாமல் அந்தப் பல்லை மட்டும் வெட்டி வைப்பார்கள். புதிதாகச் செய்த பாகத்தில் ஆண்டைப் பொறிப்பார்கள். தொடுவதற்கு முன் படம், கழற்றும்போது படம், மாட்டியபின் படம். கழற்றிய திருகாணிகூட உறையிலிட்டுப் பெயர் எழுதி வைக்கப்படும்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம் ஊர்களிலும் மணிக்கூண்டு இருக்கிறது. ஈரோடு, திண்டுக்கல் என்று எத்தனை ஊரில் 'மணிக்கூண்டு' என்றாலே பேருந்து நிறுத்தம்! நாகர்கோவிலில் மணிமேடை. நடத்துநர் குரல் கொடுக்கிறார், இறங்குகிறோம், மேலே பார்ப்பதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் நான் சேர்ந்தபோது மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை ஏறிச் சாவி கொடுப்பார். அவருக்கு வயதானது, அவர் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. கடிகாரம் நின்றது. சில ஆண்டுகள் கழித்து வெள்ளையடித்து, நாலு பக்கமும் பிளாஸ்டிக் முகப்பும் பேட்டரிக் கடிகாரமும் வைத்து, விழா எடுத்துத் திறந்தார்கள். நானும் மாணவர்களோடு கைதட்டினேன். பழைய இயந்திரம் எங்கே என்று பிறகு விசாரித்தேன். பித்தளையும் இரும்பும் தனித்தனியாக எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். புதுக் கடிகாரங்கள் இரண்டு மழைக்காலம் தாங்கின. இப்போது நாலு பக்கமும் நாலு நேரம் காட்டுகிறது.

அந்த இயந்திரத்துக்குப் பெரிய நோய் எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் நிற்கும் மணிக்கூண்டுக் கடிகாரத்தில் இருப்பது கெட்டிப்பட்ட பழைய எண்ணெய், புறா எச்சம், அறுந்த கம்பி. நல்ல மெக்கானிக் முதலில் பாகத்தைக் கழற்ற மாட்டார், பார்ப்பார். எங்கே பளபளக்கிறது, எங்கே துரு, யார் எந்த ஆண்டு என்ன கிறுக்கியிருக்கிறார் என்று பார்ப்பார். பழைய மெக்கானிக்குகள் சட்டத்தின் உட்புறத்தில் தேதியைக் கீறி வைப்பதுண்டு. அது ஒரு பதிவேடு. துருவை எடுக்கிறேன் என்று தேய்த்தால் பதிவேடும் போய்விடும்.

உங்கள் ஊரில் மணிக்கூண்டு இருந்தால், உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். படி உறுதியா, கைப்பிடி இருக்கிறதா, எடை தொங்கும் குழி மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போகாதீர்கள். 1976-ஐ நினைவில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளைகள் கீழேயே நிற்கட்டும், நீங்கள் படம் எடுத்து வந்து காட்டுங்கள். எதையும் தொட வேண்டாம், எண்ணெய்கூடப் போட வேண்டாம். செய்தவர் பெயர், ஊர், ஆண்டு வார்ப்பில் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். ஊசலின் நீளத்தை அளந்தால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று மேல்நிலை மாணவர்கள் கணக்கிட்டுவிடுவார்கள். பற்களை எண்ணினால் எட்டாம் வகுப்புக்கு விகிதப் பாடம் ஆயிற்று.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. மணிச்சத்தம் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மணிக்கு என்ன செய்தார்கள், யார் சாவி கொடுத்தார், எப்போது நின்றது என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். அந்தக் குறிப்பேட்டின் ஒரு படியை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். என்ன இருக்கிறது என்று தாளில் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருவராவது கேட்பார். நான் பணியாற்றிய அந்த ஊரில் அப்படி ஒரு தாள் இல்லை.

மீட்டர் ஸ்கேல்களும் கிளிப்புகளும் அந்த மேசையில் இருக்கின்றன. ஆறு ஆறு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். தேநீருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.